கள்ளியில் ஒட்டுக் கட்டுவது: அடியில் எந்தச் செடி, யாருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது

"தொட்டிகளில் சில சின்னக் கள்ளிகள் வளர்க்கிறேன். ஒட்டுக் கட்டிப் பார்க்க ஆசை. எந்தச் செடியை அடியில் வைக்கலாம், எப்படி வெட்டுவது, ஒட்டியதை மற்ற வளர்ப்பாளர்களோடு பகிர்ந்துகொள்ளும்போது எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டி ஒட்டும் வேலையை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். நான் பார்த்தவரை, ஒட்டுக் கள்ளிகளில் நிறைய வீணாவது கத்தி வைத்த அன்றைக்கு இல்லை. பல மாதங்கள் கழித்து, நன்றாக ஒட்டி வளர்ந்து, கை மாறிப் போன பிறகுதான் வீணாகின்றன. மேலே இருக்கும் செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவருக்குக் கீழே இருப்பது என்ன செடி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் இந்தப் பதிலில் வெட்டும் முறையைவிட வேர்ச்செடியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன். ரூட் ஸ்டாக் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதன் மேல் வைத்து ஒட்டும் துண்டை மேல்துண்டு என்று சொல்லிக்கொள்வோம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கள்ளித் தண்டைக் குறுக்கே வெட்டினால் பச்சைச் சதைக்கு நடுவே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். தண்ணீரும் உணவும் போய்வரும் குழாய்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. புதிய திசுவை உண்டாக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கும் அங்கேயே இருக்கிறது. மேல்துண்டின் வளையமும் வேர்ச்செடியின் வளையமும் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று தொட்டால், இரண்டு பக்கத்துச் செல்களும் பெருகிப் பின்னிக்கொண்டு புதுக் குழாய்களை உண்டாக்குகின்றன. தொடாவிட்டால் சதையும் சதையும் வெறுமனே பசைபோல ஒட்டியிருக்கும். துண்டு சில வாரம் பச்சையாகவே இருந்து ஏமாற்றிவிட்டு, ஒருநாள் விரல் பட்டதும் கழன்று விழும்.

கள்ளிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் எந்தப் பேரினத்தையும் பெரும்பாலும் வேறு எந்தப் பேரினத்தின் மேலும் வைக்க முடிகிறது. மாமரத்திலும் ரோஜாவிலும் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஆனால் நாம் கள்ளி என்று அழைக்கும் எல்லாமே இந்தக் குடும்பத்தில் சேர்ந்தவை இல்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்று வெட்டினால் பால் வடிபவை யூபோர்பியா வகை. அவற்றை இவற்றோடு ஒட்ட முடியாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும் என்பதால் சோதனைக்காகக்கூட அவற்றில் கத்தி வைக்க வேண்டாம்.

அடுத்தது, எதற்காக ஒட்டுக் கட்டுகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வேர்ச்செடியின் தேர்வு அதைப் பொறுத்தே அமையும்.

கடைகளில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிற உருண்டையாக ஒரு பச்சைத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது ஜிம்னோகேலிசியம் மிஹானோவிச்சியை என்ற கள்ளியின் பச்சையம் இழந்த வடிவம். 1941-ல் ஜப்பானில் எய்ஜி வதனாபே வளர்த்த நாற்றுகளுக்கிடையே இப்படிச் சிவப்பாகச் சில முளைத்தன. பச்சையம் இல்லாத நாற்று தனக்கான உணவைச் செய்துகொள்ள முடியாது. விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் செத்துவிடும். உடனே ஒட்டுக் கட்டியதால்தான் அவை பிழைத்தன. ஹிபோட்டான் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியதும் அப்படித்தான். இந்த வகைக்கு ஒட்டுதான் உயிர். சொந்த வேரில் ஒருநாளும் வாழாது.

இரண்டாவது காரணம், அழுகும் செடியைக் காப்பாற்றுவது. அடியிலிருந்து அழுகல் ஏறிக்கொண்டிருக்கும்போது, மேலே நல்ல சதை ஒரு விரற்கடை மிச்சமிருந்தாலும் போதும். மூன்றாவது, அவசரம். அரியோகார்ப்பஸ், ஆஸ்டெக்கியம், பிளாஸ்ஃபெல்டியா போன்றவை விதையிலிருந்து சொந்த வேரில் வளர்ந்து பூப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். முளைத்த சில வாரங்களிலேயே அவற்றை நல்ல வேர்ச்செடியில் ஏற்றினால் காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது. பூத்தால் விதை, விதை இருந்தால் காட்டிலிருந்து பிடுங்கி விற்கப்படும் செடிக்குத் தேவை குறையும். 2015-ல், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயூசிஎன் செய்த மதிப்பீட்டில், ஆராயப்பட்ட கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. தோட்டக்காரர்களும் சேகரிப்பாளர்களும் காட்டிலிருந்து எடுப்பது அதற்கான காரணங்களில் ஒன்று. அரிய இனம் ஒன்றை ஒட்டுக் கட்டி, விதை எடுத்து, நாலு பேருக்குக் கொடுப்பதை நான் பொழுதுபோக்கைவிடப் பெரிய காரியமாக நினைப்பது இதனால்தான்.

இவை போக, விசிறிபோல அகன்று வளரும் கிரெஸ்ட் வடிவங்களையும் நிறத்திட்டு விழுந்த வேரிகேட்டட் செடிகளையும் நிலைநிறுத்துவதற்கும் ஒட்டு உதவும். இவற்றில் பல சொந்த வேரில் மெலிந்துபோகும்.

இப்போது வேர்ச்செடி.

மூன்று பட்டைத் தண்டுள்ள டிராகன் பழக் கொடி, அதாவது ஹைலோசீரியஸ் அண்டேட்டஸ், எளிதில் கிடைக்கும். துண்டு நட்டாலே வேர்விடும், வெயில் காலத்தில் வெகுவேகமாக வளரும், ஒட்டும் சீக்கிரம் பிடிக்கும். குறை என்னவென்றால், குளிர் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே போனால் தண்டு அழுகத் தொடங்கலாம். காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி இது, பாலைவனச் செடி இல்லை. மாதக்கணக்கில் காயப்போட்டால் தண்டு சுருங்கி மேலிருப்பதையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். நிறமுள்ள ஜிம்னோகேலிசியம் கடையில் வாங்கிச் சில ஆண்டுகளில் செத்துப்போகிறதென்றால் பெரும்பாலும் மேலிருக்கும் உருண்டை சாவதில்லை. கீழிருக்கும் தண்டுதான் முதலில் களைத்துப்போகிறது. அந்த நேரத்தில் உருண்டையை எடுத்து வேறு வேர்ச்செடியில் மாற்றி ஒட்டினால் அது தொடர்ந்து வாழும்.

மிர்ட்டில்லோகாக்டஸ் ஜியோமெட்ரிசான்ஸ், நீலம் பூசினாற்போன்ற தண்டுள்ளது. வெப்பமான இடங்களுக்கு அருமையான வேர்ச்செடி. தண்டு தடிமனாக, வெட்டுமுகம் அகலமாக இருப்பதால் பெரிய துண்டுகளையும் தாங்கும். குளிரில் இதுவும் துவண்டுவிடும், வயதாகும்போது மரத்துப்போகும்.

குளிர்காலம் உள்ள இடமென்றால் ட்ரைக்கோசீரியஸ் வகைகளைப் பாருங்கள். ட்ரைக்கோசீரியஸ் ஸ்பேக்கியானஸ் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது. உறுதியான வேர், குளிரையும் கொஞ்சநாள் வறட்சியையும் தாங்கும். மேல்துண்டை ஊதவிடாமல் நிதானமாக வளர்க்கும். ஒரு செடியை வருடக்கணக்கில் வைத்திருக்க விரும்புபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஹாரிசியா 'ஜஸ்பெர்ட்டி'யும் அப்படித்தான். தண்டு மெலிதாக இருந்தாலும் நீண்டகாலம் உழைக்கும். சீரியஸ் வகை எல்லா இடத்திலும் வளரும், ஆனால் சீக்கிரம் பருத்து மேலிருக்கும் சின்னத் துண்டை விழுங்கிவிடும்போல ஆகிவிடும். சப்பாத்திக்கள்ளியின் மட்டையிலும் ஒட்டலாம். கண்ணுக்குத் தெரியாத அதன் சுணைமுள்கள் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு என்பதால் முதல் ஒட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று எக்கினோப்சிஸ். தாய்ச்செடியைச் சுற்றிக் கன்றுகளாகக் குவியும் சாதாரண உருண்டைக் கள்ளி. பழகுவதற்கு இதைவிட நல்ல செடி இல்லை. குட்டையாக இருப்பதால் ஒட்டு பின்னாளில் மண்மட்டத்திலேயே மறைந்து, செடி சொந்த வேரில் நிற்பதுபோலவே அழகாக இருக்கும். பக்கத்தில் ஓயாமல் கன்று விடும், அதை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரெஸ்கியோப்சிஸ் தனி ரகம் என்பதால் அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன், வேர்ச்செடி வேர்பிடித்து, நுனியில் புதுத் தளிர் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுருங்கியோ உறங்கியோ கிடக்கும் செடியில் கத்தி வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பு நன்றாகத் தண்ணீர் விட்டுத் தண்டு விறைப்பாக இருக்கும்போது, வெதுவெதுப்பான பருவத்தில் செய்யுங்கள். 20 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் திசு வேகமாக வளரும். மழை பிடித்துக்கொண்ட வாரம் வேண்டாம்.

பிளேடு மெலிதாகவும் புதிதாகவும் இருக்கட்டும். சமையல் கத்தி தடிமன். சதையை நசுக்கிக்கொண்டு போகும். சவர பிளேடு அல்லது கட்டர் பிளேடு போதும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வேர்ச்செடியில் மரத்துப்போன அடிப்பாகத்தை விட்டுவிட்டு, இந்தப் பருவத்தில் வளர்ந்த இளசான பகுதியில், மண்ணிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே இழுப்பாகக் குறுக்கே வெட்டுங்கள். அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் முகம் மேடுபள்ளமாகும். பிறகு விளிம்பைச் சுற்றிலும் பென்சில் சீவுவதுபோலச் சாய்வாகச் சீவிவிடுங்கள். காரணம் இருக்கிறது: தோல் விறைப்பானது, சதை காயும்போது உள்வாங்கும். விளிம்பைச் சீவாவிட்டால் தோல் மட்டும் மேலே நிற்க, நடுப்பகுதி குழிந்து, மேல்துண்டு தொங்கலில் நிற்கும். வளையமும் வளையமும் பிரிந்துபோகும்.

சீவிய பிறகு மேல்முகத்திலிருந்து ஒரு மெல்லிய வட்டம் இன்னொரு முறை சீவி, அதை எடுக்காமல் அப்படியே மூடிபோல விட்டுவிடுங்கள். நீங்கள் மேல்துண்டை வெட்டி அதன் விளிம்பையும் சீவி முடிக்கும்வரை இந்த வட்டம் வெட்டுமுகத்தை ஈரமாக வைத்திருக்கும். மேல்துண்டு தயாரானதும் வட்டத்தைத் தள்ளிவிட்டு, துண்டை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வந்து வையுங்கள். மேலிருந்து நேராக வைத்தால் காற்றுக்குமிழி சிக்கும். லேசாகத் திருகி அழுத்தினால் இருக்கும் காற்றும் போய்விடும்.

வளையங்கள் ஒரே அளவாக இருந்தால் நடுவோடு நடு. மேல்துண்டின் வளையம் சிறியதென்றால், அதை நடுவில் வைப்பதுதான் கண்ணுக்கு அழகு, ஆனால் சிறிய வளையம் பெரிய வளையத்துக்கு உள்ளே தொடாமல் மிதக்கும். அப்படிப்பட்ட இடத்தில் துண்டைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வையுங்கள். சிறிய வளையம் பெரியதை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். பார்க்கக் கோணலாக இருக்கும். சில மாதத்தில் வளர்ந்து சரியாகிவிடும்.

அழுத்தத்துக்குத் தொட்டியின் அடியைச் சுற்றி மேலே வரும்படி இரண்டு ரப்பர் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். இழுப்பு எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் அதிகமானால் துண்டு நழுவிவிடும். துண்டு வெட்டுப்படாத அளவுக்கு இறுக்கம் போதும். முள் நீளமான செடியென்றால் பழைய நைலான் காலுறையின் துண்டு ரப்பரைவிட மென்மையாகப் பிடிக்கும்.

நேரடி வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெட்டுமுகத்தில் தண்ணீர் பட வேண்டாம். மண்ணுக்கு மட்டும் அளவாக விடுங்கள், ஏனென்றால் வேர்ச்செடி விறைப்பாக இருந்தால்தான் சாறு மேலே ஏறும். ஏழு முதல் பத்து நாளில் பட்டையை எடுக்கலாம், பெரிய துண்டென்றால் இரண்டு வாரம். தூக்கி இழுத்துச் சோதிக்காதீர்கள். நுனியில் புதுமுள்ளோ பளபளப்போ தெரிந்தால் பிடித்துவிட்டது என்று பொருள்.

அழுகிய செடியைக் காப்பாற்றும்போது ஒரு கூடுதல் வேலை. அழுகல் தெரியும் இடத்துக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடைத்துக்கொண்டு. சதை சுத்தமாக இருந்தாலும் வளையத்தில் ஒரு பழுப்புப் புள்ளி மிச்சமிருந்தால் அழுகல் அதன் வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புள்ளியே இல்லாத மட்டம் வரும்வரை நிறுத்தக் கூடாது. பாதிச் செடி போய்விட்டதே என்று மனம் தடுக்கும். அங்கே இரக்கப்பட்டால் மீதிப் பாதியும் போகும்.

இனி நாற்று ஒட்டு. கள்ளி வளர்ப்பில் எனக்கு அலுக்காத வேலை இது. பெரெஸ்கியோப்சிஸ் என்பது உண்மையான இலைகளோடு செடிபோலவே வளரும் ஒரு கள்ளி. தண்டு பென்சிலைவிட மெலிது. முளைத்துச் சில நாளோ சில வாரமோ ஆன, சின்னப் பாசிமணி அளவு நாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்செடி கிடையாது. நுனித் தளிரைக் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். நாற்றைத் தண்டின் நடுவில் குறுக்கே வெட்டி, மேல்பாதியைப் பிளேடின் முனையிலேயே ஏந்திக் கொண்டுவந்து வளையத்தின் மேல் இறக்குங்கள். சாறின் பசையே பிடித்துக்கொள்ளும், ரப்பர் தேவையில்லை. வேண்டுமானால் மெல்லிய நெகிழித்தாளை லேசாக இழுத்து மூடலாம். வேர்ச்செடியின் கீழ் இலைகளை எடுக்காதீர்கள், அவைதான் சமையலறை.

இங்கே பெரிய ஒட்டுக்குச் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். இவ்வளவு சிறிய துண்டு திறந்த காற்றில் சில மணிநேரத்தில் காய்ந்துவிடும். ஒட்டியதும் மூடிய பெட்டியிலோ பையிலோ ஈரக்காற்றில் சில நாள் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். பிடித்த நாற்று வாரத்துக்கு வாரம் கண்ணெதிரே பருக்கும். அஸ்ட்ரோஃபைட்டம் போன்றவை ஓரிரு ஆண்டிலேயே மொட்டு வைக்கக்கூடும். நாற்றின் அடிப்பாதியைத் தூக்கிப்போடாமல் மண்ணிலேயே விட்டுவையுங்கள். சிலவற்றில் அதிலிருந்தும் பக்கத்தளிர் வரும்.

ஆனால் பெரெஸ்கியோப்சிஸ் வாழ்நாள் முழுக்கத் தாங்கும் தூண் இல்லை. மேல்செடி கோலிக்குண்டைவிடப் பெரிதானதும் மெலிந்த தண்டு சாயும். ஓரிரு ஆண்டில் தடித்த வேர்ச்செடிக்கு மாற்றவோ சொந்த வேரில் இறக்கவோ திட்டமிட்டுக்கொள்ளுங்கள். இறக்குவது கடினமில்லை: ஒட்டுக்குக் கீழே வெட்டி, வேர்ச்செடியின் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் நிழலில் காயவைத்து, வறண்ட சரளைமண்ணின் மேல் வைத்துவிட்டால் பெரும்பாலானவை வேர்விடும். அரியோகார்ப்பஸ்போன்று தடித்த முதன்மை வேர் உள்ளவை இதற்குச் சண்டித்தனம் செய்யும்.

ஒட்டு பிடித்தபின் தண்ணீர்ப் பழக்கத்தை மேலிருக்கும் செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழிருக்கும் வேரைப் பாருங்கள். மேலே இருப்பது பாறையிடுக்கில் வருடத்தில் சில மழையோடு வாழும் இனமாக இருக்கலாம். அடியில் டிராகன் கொடி இருந்தால் அந்தத் தொட்டிக்கு வேண்டியது டிராகன் கொடியின் தண்ணீர், டிராகன் கொடியின் வெதுவெதுப்பு. அதேசமயம் வளம் குறைவாக இருக்கட்டும். தழைச்சத்து மிகுந்த உரமும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்தால் மெதுவாக வளரப் பிறந்த செடி ஊதி, தோல் வெடித்துவிடும். முள் மெலியும், இயல்பான தட்டை வடிவம் போய்ப் பலூன்போல நிற்கும். கொஞ்சம் பட்டினியும் படிப்படியாகக் கூட்டிய வெளிச்சமும் கொடுத்தால் ஒட்டுச்செடியும் தன் இயல்பான உருவத்தை ஓரளவு காக்கும். வேர்ச்செடியில் பக்கத்தளிர் வந்தால் இளசிலேயே கிள்ளுங்கள்.

எப்போதாவது ஒட்டிய இடத்திலிருந்தே இரண்டின் திசுவும் கலந்த விசித்திரத் தளிர் ஒன்று கிளம்பும். ஹைலோசீரியஸும் ஜிம்னோகேலிசியமும் கலந்த 'ஹைலோகேலிசியம்' இப்படி வந்த ஒட்டுக் கலப்புத்தான். உங்கள் செடியில் அப்படி ஏதாவது தென்பட்டால் கிள்ளிவிடாதீர்கள், வளரவிட்டு மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.

பகிர்வதைப் பற்றிக் கேட்டீர்கள். அனுபவத்தைப் பகிர்வது, செடியைப் பகிர்வது என்று இரண்டு இருக்கின்றன.

"இந்த வேர்ச்செடி அருமை, இரண்டு மாதத்தில் மூன்று மடங்கு" என்று படம் போட்டுச் சொல்வதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அதைக்கொண்டு இன்னொருவர் எதையும் செய்ய முடியாது. வேர்ச்செடியின் பெயர், அதன் தடிமன், மேல்துண்டின் வயது, ஒட்டிய தேதி, அந்த வாரத்தின் வெப்பநிலை, எந்த நாளில் பட்டை எடுத்தீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில். முக்கியமாக, அதே விதைக்காயிலிருந்து வந்த நாற்றுகளில் சிலவற்றை ஒட்டாமல் சொந்த வேரிலேயே பக்கத்தில் வளருங்கள். ஒட்டினால் எவ்வளவு கூடியது என்பதை அந்த உடன்பிறப்புகள்தான் சொல்லும். பிடிக்காமல் போனவற்றையும் எண்ணிச் சொல்லுங்கள். பத்தில் இரண்டு பிடித்ததா, ஒன்பது பிடித்ததா என்பது அடுத்தவருக்குப் படத்தைவிடப் பயனுள்ள செய்தி. மூன்று மாதத்தில் ஒரு முறை, ஒரு வருடத்தில் ஒரு முறை திரும்பவந்து நிலவரம் சொல்பவர்கள் குறைவு. அந்த வருடக் குறிப்புதான் வேர்ச்செடிகளைப் பற்றி நாம் உண்மையில் எதையாவது கற்றுக்கொள்ளும் இடம். வேரிகேட்டட் செடிகளின் படத்தில் நிறத்தைக் கூட்டிக் காட்ட வேண்டாம். அதை நம்பித்தான் ஒருவர் உங்களிடம் கன்று கேட்பார்.

செடியைக் கொடுக்கும்போது நான் பிடிவாதமாக இருப்பது அட்டையில். மேலே இருப்பதன் பெயர், கீழே இருப்பதன் பெயர், ஒட்டிய மாதம், வருடம். கள எண், அதாவது காட்டில் எந்த இடத்துச் செடியின் வழி என்று குறிக்கும் எண், உள்ள செடியென்றால் அந்த எண்ணும் போக வேண்டும். அது தொலைந்தால் அந்தச் செடி எந்தக் குன்றிலிருந்து வந்த வழி என்ற வரலாறே தொலைகிறது. கலப்பினமென்றால் அதையும் எழுதுங்கள். ஒட்டு தெரியாதபடி சரளைக் கற்களைக் குவித்து மறைத்துக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வாங்கியவர் அதைச் சொந்த வேரில் நிற்கும் செடி என்று நம்பிக் குளிர்காலம் முழுக்கக் காயப்போடுவார், கீழே இருக்கும் கொடி சாகும், மேலே இருந்த அரிய இனமும் சேர்ந்து சாகும். இரண்டு வரி எழுதாததால் வரும் சாவு அது.

அடுத்தது நோய். கேக்டஸ் வைரஸ் எக்ஸ் என்ற வைரஸ் சாறின் வழியாகப் பரவுகிறது, அதாவது நம் பிளேடின் வழியாகவே. பல செடிகளில் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருக்கும். ஒரு வேர்ச்செடியைத் தாயாக வைத்து அதிலிருந்து நூறு துண்டு எடுத்து நூறு பேருக்குக் கொடுத்தால், உள்ளே இருப்பதும் நூறு வீட்டுக்குப் போகும். ஸ்பிரிட் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் போதுமானது. வைரஸுக்கு அதை நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் புது பிளேடு, முடியாவிட்டால் பாதியாக உடைத்த பிளேடின் மறுபாதி. வெளிறிய திட்டுகளோ காரணமில்லாத உருக்குலைவோ உள்ள செடியிலிருந்து துண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். மாவுப்பூச்சி முள்ளுக்கிடையிலும் வேரிலும் ஒளிந்திருக்கும். கொடுப்பதற்கு முன் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வாங்கியவர் ஒரு மாதமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

நாடு தாண்டி அனுப்புவதென்றால் சட்டம் குறுக்கே வரும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் இருக்கிறது. பெரெஸ்கியா, பெரெஸ்கியோப்சிஸ், குயாபெண்டியா ஆகிய மூன்று பேரினங்களுக்கு மட்டும் விலக்கு. அரியோகார்ப்பஸ், டிஸ்கோகாக்டஸ் போன்ற சில பேரினங்கள் இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. வேர்ச்செடியின் பெயரை எழுதிவையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஒப்பந்தத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. செயற்கையாகப் பெருக்கப்பட்ட, பச்சையம் இல்லாத ஜிம்னோகேலிசியம் மிஹானோவிச்சியை ஹாரிசியா 'ஜஸ்பெர்ட்டி', ஹைலோசீரியஸ் ட்ரைகோனஸ், ஹைலோசீரியஸ் அண்டேட்டஸ் ஆகிய மூன்றில் ஒன்றின் மேல் ஒட்டியிருந்தால் ஒப்பந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அதே உருண்டை வேறு வேர்ச்செடியில் இருந்தால் அந்த விலக்கு கிடையாது. இதோடு பயிர்நலச் சான்றிதழும் பெரும்பாலான நாடுகளுக்குத் தேவை. புதிதாகத் தொடங்குபவர் தன் நாட்டுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது நல்லது.

அனுப்பும் முறை எளிது. ஒட்டுக் கட்டுவதற்கான மேல்துண்டு என்றால் வெட்டுமுகம் நிழலில் நன்றாகக் காய்ந்து தோல் கட்டட்டும். பிறகு செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். நெகிழிப் பையில் போட்டால் வியர்த்து அழுகும். வந்துசேர்ந்ததும் காய்ந்த முகத்தைச் சீவிவிட்டுப் புது முகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். உருண்டைக் கள்ளியின் கன்று ஒன்றிரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். ஒட்டிய செடியாக அனுப்புவதென்றால் பிடித்துக் குறைந்தது சில மாதமாவது ஆகியிருக்கட்டும். மண்ணை உதறி, வேரைக் காயவைத்து, ஒட்டிய இடத்தின் இரண்டு பக்கமும் குச்சி வைத்துத் தாளோடு சேர்த்துக் கட்டுங்கள். பெட்டி குலுங்கும்போது முதலில் முறிவது அந்த இடம்தான்.

முடிந்தால் ஒட்டுச்செடியோடு அதே வேர்ச்செடியின் வேர்விட்ட துண்டு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பெற்றவர் அதைத் தனித்தொட்டியில் வளர்த்தால் அந்தத் தண்டுக்கு எப்போது தாகம் எடுக்கிறது, எப்போது குளிர்கிறது என்று நேரில் பார்த்துப் பழகிக்கொள்வார். முதலில் வைத்தது தளர்ந்துபோனால் மாற்றி ஒட்ட அவரிடம் தயாராக ஒன்று இருக்கும்.